வைஃபை டிரைவர்: ஆப்புக்குக் காசு கட்டலாமா?

மொட்டைமாடி:
லேப்டாப் வாங்கி ஆறு வருஷம். போன மாசம் விண்டோஸ் 11க்கு மாத்தினேன். அதுலேர்ந்து மூடித் திறந்தா வைஃபை காணாமப் போயிடுது, ரீஸ்டார்ட் பண்ணாத்தான் வருது. டிரைவர் (வைஃபை மாதிரி பாகங்களை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ற ஆப் ஒண்ணு போட்டுப் பார்த்தேன். 14 டிரைவர் பழசுன்னு சிவப்பாக் காட்டுது, சிலது 2006லயாம்! சரிபண்ணக் காசு கேக்குது. கட்டலாமா?

திருப்புளி:
கட்டிடுங்க. நான் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். வர்ற பெட்டி ஒவ்வொண்ணுக்கும் மாடல் தேடிக்கிட்டிருந்தா கடையை மூட வேண்டியதுதான். 2006 டிரைவரை வச்சுக்கிட்டு வைஃபை எங்கேர்ந்து வரும்?

நடுராத்திரி நூடுல்ஸ்:
அண்ணே, அது பழசே இல்ல. மைக்ரோசாஃப்ட் தன்னோட சொந்த டிரைவருக்கு வேணும்னே 21-06-2006னு தேதி போடுது, போன வாரம் எழுதினதா இருந்தாலும். ரெண்டு டிரைவர் சமமாப் பொருந்தினா விண்டோஸ் தேதி பார்த்துப் புதுசை எடுக்கும். பொருளைச் செஞ்சவன் குடுத்த டிரைவரை மைக்ரோசாஃப்ட்டோட பொது டிரைவர் முந்திடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. அதைக் காட்டிப் பூச்சாண்டி காட்டுது ஆப்பு.

மொட்டைமாடி, விண்டோஸ்ல பாகங்களோட பட்டியல் காட்டுற டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரோட ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் பாருங்க. முதல் எண் 8086னா இன்டெல் சிப். (அவங்க 1978ல விட்ட ப்ராசஸர் பேரையே அடையாள எண்ணா வச்சுக்கிட்டாங்க, குசும்புதான்.) எந்த சிப்போ, அந்தக் கம்பெனி தளத்துல புதுசை எடுங்க.

பழம்பெட்டி:
அவசரப்படாதீங்க. எங்களோடது பொதுவான டிரைவர், முதல்ல லேப்டாப் தயாரிப்பாளர்கிட்டப் பாருங்கன்னு இன்டெலே சொல்லுது. லேப்டாப்காரன் தன் மாடலுக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்கலாம். சீரியல் நம்பரைப் போட்டு அங்கயே தேடுங்க.

நடுராத்திரி நூடுல்ஸ்:
ஆறு வருஷப் பெட்டிக்கு அங்க என்ன இருக்கும்? விண்டோஸ் 10 டிரைவரோட நிறுத்தியிருப்பான்.

பழம்பெட்டி:
நிறுத்தட்டுமே, அது பெரும்பாலும் 11லயும் ஓடும். புதுசுன்னா நல்லதுன்னு யார் சொன்னது? இவருக்கு வந்த வினையே புதுசுக்கு மாறினதாலதான். அதுவும் தூங்கி எழுந்தாத்தான் போகுதுன்னா மின்சாரச் சிக்கன விஷயமா இருக்கலாம். அதே ப்ராப்பர்ட்டீஸ்ல பவர் மேனேஜ்மென்ட் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க அடாப்டரை அணைக்கலாம்னு இருக்கிற முதல் டிக்கை எடுத்துட்டுப் பாருங்க.

திருப்புளி:
ஆளாளுக்குத் தளம் சொல்றீங்க. நெட்டே போன பெட்டியில எப்படி இறக்குறதாம்?

நடுராத்திரி நூடுல்ஸ்:
போனைக் கேபிள்ல செருகி யுஎஸ்பி டெதரிங் போடுங்கண்ணே, போனோட நெட் பெட்டிக்கு வந்துடும். டிரைவர் தேட அது போதும்.

மொட்டைமாடி:
நாலு நாள் கழிச்சு வர்றேன். 8086 இல்ல, வேற சிப். டிக் எடுத்தேன், ஒரு நாள் தாங்குச்சு, மறுபடி போச்சு. முந்தின டிரைவருக்குத் திரும்புற ரோல் பேக் பட்டன் அமுக்க முடியாம மங்கிக் கிடந்தது. அப்டேட் டிரைவருக்குள்ள போய், கம்ப்யூட்டர்ல இருக்கிறதை நானே தேர்ந்தெடுக்கிறேன்னு குடுத்தா ரெண்டு பதிப்பு காட்டுச்சு. பழசைப் போட்டேன். மூணு நாளா விழல. எந்தத் தளத்துக்கும் போகல.

பழம்பெட்டி:
சொன்னேன்ல!

நடுராத்திரி நூடுல்ஸ்:
நீங்க சொன்னது லேப்டாப் கம்பெனி தளம். மொட்டைமாடி, விண்டோஸ் அப்டேட்ல ஆப்ஷனல் பக்கம் அதே புது டிரைவர் திரும்ப வந்து நிக்கும், தொடாதீங்க.

திருப்புளி:
அப்ப அந்த ஆப்?

மொட்டைமாடி:
தூக்கிட்டேன். போறப்பவும் ‘14 டிரைவர் ஆபத்தில்’னு சொல்லிட்டுத்தான் போச்சு.