கலைச்சொல் தேவை: ரீல் இல்லாத நீண்ட தூண்டில்

மொழிபெயர்ப்பாளர், ஹட்டன்:

அன்பின் குழுவினருக்கு,

காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்கு வரும் பயணிகளைக் கூட்டிச்செல்லும் இளைஞர்களுக்கான தூண்டில் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். வட அமெரிக்க முறைகளைச் சொல்லும் அத்தியாயத்தில் இரண்டு சொற்கள் இடறுகின்றன. ஒன்று, 10 முதல் 16 அடி வரை நீளும், ரீலே (நூலைச் சுற்றிவைக்கும் உருளை) இல்லாத, நுனியில் தங்கூசியை (நைலான் தூண்டில் நூலை) நேரே கட்டும் கருவி. ஆங்கிலத்தில் இது pole, ரீல் பூட்டியது rod. நம்மிடம் இரண்டும் தூண்டில் கோல்தான். மற்றது, அதில் பிடிபடும் புளூகில், கிறப்பி போன்ற மீன்களின் பொதுப்பெயரான panfish. முழுசாகத் தாச்சியில் பொரிக்கக்கூடிய அளவு என்பது கருத்து. இப்போதைக்கு 'நீள்கோல் தூண்டில்', 'தாச்சிமீன்' என்று எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியர், பண்டாரவளை:

புதிதாக ஆக்கவேண்டிய தேவையே இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் பாண்மகன் வைத்திருப்பது 'நெடுங்கழைத் தூண்டில்'. அதைத் தொடர்ந்து 'நடுங்க நாண் கொளீஇ' என்று வருகிறது. நெடிய மூங்கில், அதில் கட்டிய நாண், 'கொடுவாய் இரும்பு' என்ற வளைந்த முள், அதில் பொதிந்த இரை. கையேட்டுப் படத்திலுள்ள உறுப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ரீல் பிறக்குமுன் இருந்த கருவிக்கு அன்றைய பெயரே பொருந்தும். 'நீள்கோல்' என்றே வைத்தாலும் புணர்ச்சியை விடாதீர்கள்: நீள்கோற்றூண்டில்.

பயிற்றுநர், மஸ்கெலியா:

சேர், 'நீள்கோற்றூண்டில்' படகில் நின்று கூப்பிட்டுச் சொல்லக்கூடிய சொல் அல்ல. அதைவிட, நீளம் இந்தக் கருவியின் அடையாளமே இல்லை. கடற்கரையில் வீசும் ரீல் கோலும் 12, 13 அடி இருக்கும். இதில் தங்கூசி நுனியில் கட்டப்பட்டிருக்கிறது, கையாளும் விதிகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. தங்கூசி கோலின் நீளத்துக்குச் சமமாக, அல்லது ஓரடி குறைவாக இருக்கவேண்டும். கூடினால் கோலை நிமிர்த்தினாலும் மீன் கைக்கு வராது. வேகமாக இழுத்தால் பின்னாலுள்ள மரத்தில் மாட்டும். 4 முதல் 6 றாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி போதும். பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க ரீலில் நூல் இல்லை, கோலின் வளைவுதான் தாங்கவேண்டும். கோலை மீனின் பக்கம் நேராக நீட்டினால் வளைவு போய்விடும், தங்கூசி அறும். ஆகவே 'நுனிக்கட்டுத் தூண்டில்'.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கண்டி:

'கட்டு' என்பதிலிருந்து 'கட்டில்', 'தூண்டு' என்பதிலிருந்து 'தூண்டில்'. இந்த 'இல்' வேற்றுமை உருபு அல்ல, வினையைப் பொருட்பெயராக்கும் விகுதி. மீனைத் தூண்டுவது தூண்டில் என்றால், நீட்டிப் பிடிப்பது 'நீட்டில்'. ரீல் கோலை வீசுகிறோம், இதை வீசுவதில்லை. கிறப்பி மூழ்கிய கிளைகளுக்குள் ஒதுங்கும். கோலை அந்த இடைவெளிக்கு மேலே நீட்டி, 1 அல்லது 2 கிராம் எடையுள்ள போலி இரையை நேர்கீழே இறக்குவதுதான் முறை. செயலே பெயராகிறது. இதே வழியில் 'தாழ்த்து' என்பதிலிருந்து 'தாழ்த்தில்' என்று வலைக்கும் ஒரு பெயர் ஆக்கலாம்.

விஞ்ஞான ஆசிரியை, நுவரெலியா:

சேர், 'நீட்டில் இரையைக் கட்டுக' என்று அச்சானால் எல்லாரும் அதை வேற்றுமையாகத்தான் வாசிப்பார்கள். 'நீட்டிலில்' என்றால் இன்னும் குழப்பம். ஒருசொல் கலைச்சொல்லை நானும் விரும்புகிறேன், ஆனால் இது வேண்டாம்.

'கழை'யிலும் எனக்குத் தயக்கம். படத்திலிருப்பது காபன் நார்க் கோல். காபன் நார் மின்னைக் கடத்தும். மூங்கில் என்ற நினைப்பில் ஒரு பிள்ளை அதை மின்கம்பிக்கடியில் நிமிர்த்தினால் உயிருக்கே ஆபத்து. இடி மின்னல் நேரத்திலும் அப்படித்தான்.

தமிழாசிரியர், பண்டாரவளை:

டீச்சர், அதற்கு எச்சரிக்கை எழுதவேண்டும், சொல்லைக் கைவிடக்கூடாது. 'கழைக்கூத்தாடி' தெரிந்தவருக்குக் 'கழை' தெரியும். புணர்ச்சி சொல்லத் தடை என்கிறார் பயிற்றுநர். 'கலைச்சொற்றொகுதி' என்பதில் யார் இடறினார்கள்? 'ஒளித்தொகுப்பு' கூட ஒருநாள் புதுச்சொல்தான், இன்று பாடசாலையில் அதைக் கேள்வியில்லாமல் படிக்கிறார்கள். பழக்கினால் பழகும்.

பயிற்றுநர், மஸ்கெலியா:

பாடசாலையில் பழக்கப் பதினொரு வருடம் இருக்கிறது சேர். எங்கள் பயிற்சி இரண்டு நாள்.

மீன் பெயரையும் முடித்துவிடுவோம். 'சட்டிமீன்' என்றால் குழம்பு நினைவு வரும், 'பொரிமீன்' சமைத்தபின் உள்ள பெயர். 'தாச்சிமீன்' நல்லது. அது இனப்பெயராக இல்லாமல் அளவுப்பெயராக இருக்கட்டும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மொசாம்பிக் திலாப்பியாவையும் அப்போது சேர்க்கலாம். அதன் ஆண்மீனும் புளூகில் ஆண்மீனைப் போல ஆழமில்லாத கரையில் குழி தோண்டிக் காவல் நிற்கும். புளூகில் வாய் சிறியது, 8 அல்லது 10 ஆம் இலக்க முள் போடவேண்டும். தக்கை பெரிதானால் மீன் எதிர்ப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். தக்கையின் தலை மட்டும் தெரியுமளவுக்கு ஈயக்குண்டு சேர்க்கவேண்டும். கிறப்பிக்கு வாய்த்தோல் மெல்லியது, வெட்டி இழுத்தால் கிழியும். மெதுவாக உயர்த்தவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், ஹட்டன்:

நேரம் முடிகிறது. ஒருமித்த சொல் கிடைக்கவில்லை, ஆகவே 'நீள்கோல் தூண்டில்' என்றே வைத்து, பிரித்தே எழுதுகிறேன். முதல் வாக்கியத்திலேயே 'ரீல் இல்லாமல், நுனியில் தங்கூசி கட்டியது' என்று விளக்கம் வரும். 'தாச்சிமீன்' நிற்கிறது. மின்கம்பி எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுகிறேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் துண்டுகளாலான கோலை மடக்கும் முறைக்கு, துண்டைக் 'கணு' என்று சொல்லி, இப்படி எழுதியிருக்கிறேன்: 'அடிக்கணுவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கணுவாக உள்ளே தள்ளுக, மெல்லிய நுனிக்கணு கடைசி. முறுக்காதீர்கள். மணல் புகுந்தால் கணு இறுகும், துடைத்துவிட்டு மடக்குக.'

தமிழாசிரியர், பண்டாரவளை:

'கணு' மூங்கிலுக்கு உரியது. கணுவை ஏற்றுக்கொண்டு கழையை விலக்குவது எந்த முறை? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் 'நெடுங்கழைத் தூண்டி'லை மறுபடி முன்வைப்பேன்.

பயிற்றுநர், மஸ்கெலியா:

அதுவரை வகுப்பில் நான் 'நுனிக்கட்டு' என்றே சொல்லிக்கொடுப்பேன்.