ஃபைப்ராய்டுக்கு எம்போலைசேஷன்: மூன்றாவது வாரம் வந்த காய்ச்சல்

அல்சூர்_அக்கா:
வயது 43. கர்ப்பப்பையில் 6 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி. தொடை இடுக்கில் சின்ன ஓட்டை போட்டு, கட்டிக்கு ரத்தம் போகும் குழாயைத் துகள்களால் அடைத்தார்கள். இதுதான் எம்போலைசேஷன். மறுநாள் வீடு. முதல் வாரம் வலி, வாந்தி, லேசான காய்ச்சல். முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் 102 டிகிரி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல். டிஸ்சார்ஜ் தாளில் 'வலி, காய்ச்சல் வரும்' என்றுதான் இருந்தது. நான்கு நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி பிரசவ வலி மாதிரி இழுத்தது. செத்த கட்டி கழன்று கர்ப்பப்பை வாயில் சிக்கியிருக்கிறது. மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். தயவுசெய்து யாரும் இதற்குப் போகாதீர்கள்.

மத்திகெரே_வாசி:
அக்கா, நீங்கள் பட்டது கொடுமை. ஆனால் 'போகாதீர்கள்' என்பதை ஏற்க முடியாது. நானும் செய்துகொண்டவள், மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் ரத்தப்போக்கால் ஹீமோகுளோபின் 7. கறை பட்டுவிடுமோ என்று பஸ்ஸில் சீட் இருந்தும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரை நின்றுகொண்டே போவேன். இப்போது 11.8. இதையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டு பிரிட்டனில் 2007-ல் வந்த ரெஸ்ட் ஆய்வைப் பாருங்கள். கர்ப்பப்பையையோ கட்டியையோ ஆபரேஷன் செய்து எடுத்துக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார்கள் என்றால் இதில் ஒரே நாள்.

அல்சூர்_அக்கா:
அதே ஆய்வின் ஐந்து வருடக் கணக்கையும் சொல்லுங்கள். எம்போலைசேஷன் செய்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு மறுபடி சிகிச்சை. ஆபரேஷன் பக்கம் 4 சதவீதம்தான்.

மத்திகெரே_வாசி:
சரி, உண்மைதான். மீதி 68 சதவீதம் பேர் கத்தி படாமல் தப்பினார்களே! கர்ப்பப்பையை எடுப்பதில் மட்டும் சிக்கலே வராதா? எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது, அக்கா.

வார்டு_சிஸ்டர்:
நான் நர்ஸ். கட்டி எங்கே இருந்தது என்று யாருமே கேட்கவில்லையே. உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி இப்படிக் கழன்று வருவது தெரிந்த விஷயம். முன்கூட்டியே எம்ஆர்ஐ ஸ்கேன் பார்ப்பது இதற்கும் சேர்த்துத்தான். சின்னதாக இருந்தால் கர்ப்பப்பை வாய் வழியாகவே எடுத்துவிடலாம். அப்புறம், முதல் வாரக் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். இறங்கிய பிறகு மறுபடி ஏறினால், நாற்றம் இருந்தால், அன்றைக்கே போக வேண்டும். 45 தாண்டியவர்களுக்கு மாதவிடாய் நின்றுபோகவும் கூடும். குழந்தை வேண்டும் என்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அல்சூர்_அக்கா:
எனக்கு உள்சுவரை ஒட்டித்தான் இருந்தது, சிஸ்டர். காய்ச்சல் மறுபடி ஏறினால் அன்றைக்கே போக வேண்டும் என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி தாளில் இல்லை. இருந்ததும் இங்கிலீஷில். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். 'காய்ச்சல் வரும்னு எழுதியிருக்காமே' என்று நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தார்.

மத்திகெரே_வாசி:
என் தங்கைக்கு அடுத்த மாதம் இதே சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். இப்போதுதான் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 'சப்மியூகோசல்' என்று இருக்கிறது. சிஸ்டர், அப்படியென்றால் உட்பக்கமா?

வார்டு_சிஸ்டர்:
ஆமாம்மா, உட்பக்கம்தான். தேதிக்கு முன்னால் அந்த ரிப்போர்ட்டோடு ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.