கலைச்சொல் விவாதம்: கட்சிப் பொறுப்பில் இருந்துகொண்டே லாபி செய்பவரின் நிலைக்கு என்ன சொல்?

முதல் மடல்

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்சியியல் சொற்பட்டியலில் இரண்டு பதிவுகள் முடியாமல் நிற்கின்றன: 'லாபியிஸ்ட்' (பிறருக்காக அரசிடம் பேசி முடிவைத் தம் பக்கம் திருப்ப முயல்பவர்), 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (கடமையும் தனிநலனும் மோதும் நிலை). இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் சிக்கல். கட்சியின் செயற்குழுவில் இருந்துகொண்டே, ஒரு நிறுவனத்திடம் கட்டணம் வாங்கி, அதற்காக அமைச்சரிடம் பேசுகிறவரை எண்ணிப் பாருங்கள்.

முதல் சொல்லுக்குச் 'சார்புரைஞர்' என்பதை முன்மொழிகிறேன். வழக்குரைஞர் போன்ற அமைப்பு. தொழில் 'சார்புரை'. 'தரகர்' என்றால் கையூட்டு வாடை வருகிறது. பல நாடுகளில் இது சட்டம் ஏற்றுப் பதிவுசெய்யும் தொழில். 'பரப்புரை' தேர்தலோடு போய்விட்டது. இரண்டாவது சொல்லுக்கு, கிரிக்கெட் வாரியச் செய்திகளில் நாளிதழ்கள் எழுதும் 'இரட்டை ஆதாயம்' போதுமா?

மறுமொழி

> 'இரட்டை ஆதாயம்' போதுமா?

போதாது ஐயா. நாடாளுமன்ற உறுப்பினரைத் தகுதியிழக்கச் செய்யும், அரசமைப்புச் சட்டம் 102ஆம் பிரிவின் 'ஆதாயம் தரும் பதவி' பக்கத்திலேயே இருக்கிறது. படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். அதைவிடப் பெரிய குறை, இந்தச் சொல் ஆதாயத்தை எண்ணுகிறது. கட்சிப் பொறுப்புக்குச் சம்பளமே இல்லாமல் இருக்கலாம். ஒரு பக்கம் கட்டணம், மறுபக்கம் கடமை. அந்த இழுபறிதான் பொருள்.

'நலமுரண்' என்று வைப்போம். ஓஈசிடி எனும் பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மூன்று வகை சொல்கிறது: நடப்பில் உள்ளது, வெளியாருக்கு அப்படித் தோன்றுவது, பின்னால் நேரக்கூடியது. நடப்பு நலமுரண், தோற்ற நலமுரண், வருநிலை நலமுரண் என்று அடைகள் இயல்பாக ஒட்டுகின்றன. 'தோற்ற இரட்டை ஆதாயம்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே தடுக்கும்.

மறுமொழி

நலமுரணை ஏற்கிறேன். சார்புரைஞரில் ஒரு தயக்கம். 'சார்பு' என்றால் ஒருதலைப்பட்சம் என்றும் பொருள். 'சார்புரை' என்பதைப் பக்கச்சார்பான பேச்சு என்று வாசிக்க இடமுண்டு. 'பரிந்துபேசுநர்' எனலாமா என்று பார்த்தேன். பரிவு கட்டணத்துக்கு வருவதில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

வரையறை எழுதும்போது கவனம் வேண்டும். அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு வாடிக்கையாளருக்காக ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்புகொள்ளலும், மூன்று மாதத்தில் அவருக்குச் செலவிடும் நேரத்தில் 20 விழுக்காடாவது இந்த வேலையும் இருந்தால்தான் லாபியிஸ்ட். 15 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்பவர் பதிவேட்டில் வரமாட்டார், ஆனால் அமைச்சகத்துக் கதவு அவருக்கும் திறக்கும். எனவே 'பதிவுபெற்ற' என்பதை வரையறைக்குள் புதைக்காமல் தனி அடையாக வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2013 முதல் கட்சி நிர்வாகக் குழு உறுப்பினர் மைய அரசின் பதிவேட்டில் இடம்பெற முடியாது. நம் பொருளுக்கு இதைவிட நேரான விதி இல்லை. ஆனால் அந்தப் பதிவேடு பிறருக்காகப் பேசுபவர்களுக்கு மட்டுமே. சொந்த நிறுவனத்துக்காகப் பேசும் ஊழியர் அதில் வரமாட்டார். அவர் கட்சிப் பொறுப்பில் இருந்தாலும் இந்தத் தடை தொடாது. பிரிட்டனின் 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே ஓட்டை. ஆக 'கட்டணச் சார்புரைஞர்', 'நிறுவனச் சார்புரைஞர்' என இரண்டு பதிவுகள் வேண்டும். ஒன்றைப் போட்டு இரண்டுக்கும் சேர்த்து எழுதினால் மொழிபெயர்ப்பில் சட்டமே மாறிவிடும்.

மறுமொழி

> அவர் கட்சிப் பொறுப்பில் இருந்தாலும் இந்தத் தடை தொடாது.

இதையொட்டி ஒன்று. நம் சொற்பட்டியல் வரைவில் 'கிளையன்ட்' என்பதற்குக் 'கட்சிக்காரர்' என்று இருக்கிறது. நீதிமன்றத்தில் வழங்கும் சொல் அது. இங்கே அது ஆபத்து. "தலைவர் தம் கட்சிக்காரருக்காக அமைச்சரைச் சந்தித்தார்" என்ற வரியில் தொண்டருக்காகப் போனாரா, கட்டணம் தந்த நிறுவனத்துக்காகவா? நலமுரண் இருக்கிறதா என்பதே அந்த ஒரு சொல்லில் மறைந்துபோகிறது. 'கட்டணதாரர்' என்று மாற்ற வேண்டும்.

இன்னொன்று: வரைவின் விளக்கம் "பொதுப் பதவி வகிப்பவரின்" என்று தொடங்குகிறது. கட்சிப் பொறுப்பாளர் அரசு ஊழியர் அல்லர். அமெரிக்க அரசு ஊழியர்களுக்கான நலமுரண் சட்டம் கட்சியின் தேசியக் குழு உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது. ஜனநாயகக் கட்சித் தேசியக் குழு 2008இல் விதித்து 2016இல் நீக்கிய தடைகூட, லாபியிஸ்டுகள் தரும் நன்கொடை பற்றியது, அவர்கள் உறுப்பினராக இருப்பது பற்றியதல்ல. 'பதவி' என்று எழுதினால் நாம் தேடிய ஆளே விளக்கத்துக்கு வெளியே நிற்பார். 'பொறுப்பு' என்று போடுங்கள்.

முதல் மடலாசிரியர்

இரண்டு திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டேன். பதிவு இப்போது இப்படி:

நலமுரண்: ஒருவர் ஏற்ற பொறுப்பின் கடமையும், அவருக்கோ அவருடைய கட்டணதாரருக்கோ உள்ள தனிநலனும் ஒரே முடிவில் எதிரெதிராக நிற்கும் நிலை, ஆதாயம் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

சார்புரைஞரின் பக்கச்சார்புப் பொருளைப் பற்றி: 'சார்பில்' என்று நாள்தோறும் எழுதுகிறோம், அதில் யாரும் ஒருதலைப்பட்சத்தைப் பார்ப்பதில்லை. 'லாபியாளர்' என்பதை மாற்றுச்சொல்லாகப் பக்கத்தில் வைக்கிறேன்; செய்தித்தாள் வாசகர் அதைக் கொண்டுதான் தேடுவார். குறிப்பிட்ட முடிவில் பங்கேற்காமல் ஒதுங்குவதற்கு 'விலகியிருத்தல்' என்று எழுதியிருக்கிறேன், ஆனால் அது பதவி விலகலோடு குழம்புகிறது. 'முடிவொதுங்கல்' சரிவருமா, பாருங்கள்.