வீட்டில் பூ சர்பத்: அடுக்களை மணக்கிறது, பாட்டில் மணக்கவில்லையே? (புனைபெயர்களில் சிலர் பேசிக்கொண்ட உரையாடல்)

கற்கண்டு:

பன்னீர் ரோஜா சர்பத் செய்முறைகள் பலவும் இதழையும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டு இருபது நிமிடம் கொதிக்க விடச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் அடுக்களைதான் மணக்கும். வாசம் ஆவியோடு போய்விட, சட்டியில் மிஞ்சுவது வெந்த இதழின் வாடையும் பழுப்பு நிறமும். இவ்வளவு நேரம் கொதிக்க விடுவதே பாகு கெட்டியாக வேண்டும் என்பதற்காக. அந்தக் கெட்டித்தன்மையைத் தராசு வைத்துக் கொண்டுவந்துவிட்டால் கொதிக்க விடும் வேலையே இல்லை.

காம்பும் பச்சைப் பகுதியும் நீக்கிய இதழ் 100 கிராம், தண்ணீர் 500 மில்லி. வெயில் ஏறுமுன் பறித்த பூவாக இருக்க வேண்டும். இதழின் அடியில் வெள்ளையாக இருக்கும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், கசப்பு அதில்தான் கூடுதல். தண்ணீரைக் கொதிக்க வைத்து அணைத்து, நாலைந்து நிமிடம் ஆறிய பிறகு இதழைப் போட்டு உடனே மூடுங்கள். ஆறு மணி நேரம் போதும். நடுவில் மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்து நீர்த்துளிகளைச் சட்டிக்குள்ளேயே தட்டிவிடுங்கள், வாசத்தில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. பிறகு மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம்.

வடித்த நீரை நிறுத்துப் பார்த்தால் 400 கிராமை ஒட்டி வரும். ஃபிரிட்ஜுக்கு வெளியில் வைக்கும் சர்பத்துக்கு அதன் எடையைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 800 கிராம் வெள்ளைச் சர்க்கரை. சிறு தீயில் கரைத்து, ஓரத்தில் முதல் குமிழ் எட்டிப் பார்த்ததும் அணைத்துவிடலாம். ஒரு எலுமிச்சம்பழச் சாறு கடைசியில். மொத்தம் 900 மில்லி கிடைக்கும்.

நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு இரண்டும் நல்ல பொருள்கள்தான், ஆனால் அவற்றின் சொந்த மணம் ரோஜாவை அமுக்கிவிடும். ரோஜா சர்பத் வேண்டுமென்றால் வெள்ளைச் சர்க்கரை, இல்லாவிட்டால் டைமண்ட் கல்கண்டு.

தராசுத்தட்டு:

இரண்டு மடங்கு என்பது 66.7 சதவீதச் சர்க்கரை. 20 டிகிரியில் தண்ணீர் தாங்கும் எல்லையே 67 சதவீதத்தை ஒட்டித்தான். அதனால் இந்தப் பாகை ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் கல்கண்டு கட்டும், காரணம் 10 டிகிரியில் தாங்குவது 65.6 தான். ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் ஒன்றரை மடங்கோடு நிறுத்துங்கள், 60 சதவீதம். சம எடையில் போட்டால் 50 சதவீதம். அதை வெளியில் வைக்கவே கூடாது, குளிரில் வைத்தும் இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பாகில் சர்க்கரைச் சதவீதம் அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி. 750 மில்லி பாட்டிலைக் காலியாக நிறுத்துக்கொண்டு, ஆறிய பாகால் அந்த அளவுவரை நிரப்பி மறுபடி நிறுங்கள். உள்ளே இருப்பது ஒரு கிலோவை ஒட்டி இருந்தால் இரண்டு மடங்குப் பாகு. 920 கிராம் பக்கம் நின்றால் அது சம எடைப் பாகுதான், கம்பிப்பதம் என்று விரலில் தொட்டு ஏமாற வேண்டாம்.

சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள், இரண்டு மடங்குப் பாகு கொதிக்கும் 104 டிகிரியைத் தேடுவதும் சரியே, ஆனால் சமவெளிக்குத்தான். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் முதலில் வெறும் தண்ணீர் எத்தனையில் கொதிக்கிறது என்று பார்த்து, அதற்கு மேல் நான்கு டிகிரி என்று கணக்கு வையுங்கள்.

மாடித்தோட்டம்:

கற்கண்டு அக்கா சொன்ன முறையிலும் சூட்டில் கொஞ்சம் வாசம் போகத்தான் செய்யும். 100 கிராம் இதழில் 30 கிராமைத் தனியாக எடுத்து, மொத்தச் சர்க்கரையிலிருந்து 200 கிராமோடு கையால் பிசறி, மூடி ஒரு இரவு வையுங்கள். சர்க்கரை இதழிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பாதி பாகாகிவிடும். மீதிப் பாகு அடுப்பிலிருந்து இறங்கிக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இதைக் கலந்து, கரைந்தபின் வடிகட்டுங்கள். குல்கந்துக்குச் செய்வது போலத்தான், வெயில் மட்டும் இல்லை. ஒன்று, இந்தப் பங்கு கொதியைப் பார்க்காததால் பாட்டிலை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அப்போது மொத்தச் சர்க்கரையை 600 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பன்னீர் ரோஜாவின் நிறம் எப்படியும் வெளிறிய இளஞ்சிவப்புதான். கடைப் பாட்டில் நிறம் வேண்டுமென்றால் கட்டைவிரல் நுனி அளவு பீட்ரூட் துண்டை வெந்நீரில் இதழோடு போடுங்கள். அடுப்பில் கொதிக்க விட்டால் அதுவும் பழுப்பாகும்.

கேள்விக்குறி:

செம்பருத்தியில் இதே அளவில் முயன்றால் நீர் ஊதாவாகி, பிறகு பச்சை கலந்த சாம்பலாகிறது. வெண்டைக்காய் மாதிரி கொழகொழப்பு வேறு. எதில் தவறு?

கற்கண்டு:

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு தம்பி.

நிறத்துக்குக் காரணம் தண்ணீர். செம்பருத்தியின் சிவப்பு, புளிப்பில் சிவக்கும், காரத்தன்மை கொண்ட ஆழ்குழாய்க் கிணற்று நீரில் நீலம், பச்சை என்று திரும்பும். கேன் தண்ணீரோ வடிகட்டிய நீரோ பயன்படுத்துங்கள். இரும்புச் சட்டி, இரும்புக் கரண்டி பட்டாலும் கறுக்கும். எவர்சில்வர், கண்ணாடி இரண்டும் பாதுகாப்பு. ஈயம் பூசாத பித்தளையில் எலுமிச்சைச் சாறு சேர்க்கவே கூடாது.

கொழகொழப்பு பூவிலேயே இருப்பது. பச்சைப் புல்லி வட்டத்தையும் நடுவில் நீளும் மகரந்தத் தண்டையும் நீக்கிவிட்டு இதழை மட்டும் எடுங்கள். ஐந்திதழ் நாட்டுச் செம்பருத்தி 20 பூவுக்கு 300 மில்லி நீர். அணைத்த வெந்நீரில் பத்தே நிமிடம். இதழ் வெளுத்து நீர் ஊதாவானதும் வடிகட்டுங்கள், அழுத்தக் கூடாது. கொதிக்க விட்டாலும் கசக்கினாலும் கோழை இறங்கும். வடித்த நீரில் ஒரு எலுமிச்சையைப் பிழிந்ததும் ஊதா சட்டென்று சிவக்கும். சாறு போதுமா என்பதை நாக்கைக் கேட்க வேண்டாம், அந்த நிறத்தையே பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்திக்குச் சொல்லும்படியான வாசம் கிடையாது. நிறமும் எலுமிச்சையின் புளிப்பும்தான் அதன் சர்பத். ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டால் குடிக்க ஆளிருக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செம்பருத்திப் பக்கம் போக வேண்டாம்.

பினாங்கு:

சங்குப்பூவுக்கு நேர்மாறு. எலுமிச்சையைப் பாட்டிலில் சேர்க்காதீர்கள், குவளையில் ஊற்றும்போதுதான். மலேசியாவில் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் கொடுப்பது இந்தப் பூதான், தாய்லாந்திலும் எலுமிச்சையோடு பானமாகக் குடிக்கிறார்கள். பச்சைக் காம்பு நீக்கிய 25 புதுப்பூவுக்கு 250 மில்லி வெந்நீர், பத்து நிமிடம், வடித்துச் சம எடைச் சர்க்கரை. நீலப் பாகு, சில துளி எலுமிச்சையில் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. வெளிச்சத்தில் வைத்தால் நீலம் மங்கும், அதனால் அடர்நிற பாட்டில். வாசம் இதற்கும் இல்லை, பச்சைப் பயறு வேகவைத்த நீர் போன்ற லேசான வாடைதான்.

ஒத்தப்பூ:

மல்லிகைக்கு இதுவரை சொன்ன எதுவும் ஒத்துவராது. வெந்நீர் பட்டால் கசக்கும், வாடையும் கெடும். குண்டுமல்லி மொட்டில் வாசம் குறைவு, இரவில் மலரும்போதுதான் அது வெளிவருகிறது. ஆகவே அன்றிரவு விரியப்போகும் மொட்டு வேண்டும்.

அகலமான டப்பாவில் 250 கிராம் சர்க்கரையைப் பரப்பி, மேலே மெல்லிய துணி விரித்து, அதன்மேல் 50 கிராம் மொட்டு. இறுக மூடி இரவு முழுக்க. காலையில் பூவை எடுத்துவிடுங்கள், வாடி நிறம் மாறிய பூவை விட்டுவைத்தால் சாக்கடை வாடை ஏறிவிடும். மறுநாள் மாலை புதுப்பூ. மூன்று இரவு ஆனதும் அந்தச் சர்க்கரையைச் சம எடை ஆறிய நீரில், சூடே காட்டாமல், பாட்டிலில் குலுக்கிக் கரையுங்கள். அடுப்பு பார்க்காத பாகு என்பதால் ஃபிரிட்ஜில் பத்து நாள், அதற்கு மேல் வேண்டாம்.

கட்டிய சரத்தை வாங்கிப் போடாதீர்கள். தண்ணீர் தெளித்தே விற்பார்கள், சர்க்கரை நசநசத்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் மருந்து. மல்லிகைக்கு மொட்டுப்புழு வராமல் இருக்கத் தெளிப்பது பறிக்கும் நாள்வரை தொடரலாம், உப்புநீரில் கழுவினால் அது முழுதாகப் போகாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது தலையில் வைக்கும் பூவுக்குத்தான். குடிப்பதற்கு, மருந்தடிக்காத வீட்டுச் செடி இருந்தால் மட்டும்.

மாடித்தோட்டம்:

அதோடு இதையும். அரளி எந்த நிறமானாலும் நஞ்சு. பொன்னரளி, செங்காந்தள், ஊமத்தை, நித்தியகல்யாணி எதுவும் அடுக்களைக்குள் வரக்கூடாது. நர்சரியில் பாலைவன ரோஜா என்று விற்கும் அடினியம் ரோஜாவே அல்ல, அதன் பாலும் நஞ்சு. கோயில் மாலைப் பூவில் இவற்றில் சில கலந்தே வரும், பக்தியோடு ஒதுக்கி வையுங்கள்.

தராசுத்தட்டு:

கெட்டுப்போவது பற்றி. சர்க்கரை 65க்கு மேல் இருந்தும் மேலே பூஞ்சை படர்ந்தால், பாகைக் குறை சொல்லாதீர்கள். சூடாக ஊற்றி ஆறவிட்டபோது மூடியில் வியர்த்த நீர் சொட்டி, மேல்பரப்பை மட்டும் நீர்க்கச் செய்திருக்கும். பாட்டிலை வெந்நீரில் கொதிக்க வைத்து முழுக்க உலர்த்தி, பாகைச் சூடாகக் கழுத்துவரை நிரப்பி மூடி, இரண்டு நிமிடம் படுக்க வைத்து எடுங்கள். கண்ணாடி பாட்டிலும் சூடாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். ஈரக் கரண்டி விடக்கூடாது. பூஞ்சையை வழித்துவிட்டுக் குடிப்பதும் கூடாது, முழுதும் கொட்டுங்கள். திறக்கும்போது புஸ் என்றால் புளித்துவிட்டது என்று பொருள்.

வெளியில் வைத்த பாகும் கல்கண்டு கட்டினால், சட்டி ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைத் துணுக்கு உள்ளே விழுந்திருக்கும். இரண்டு மேசைக்கரண்டி நீர் விட்டு மறுபடி சூடாக்கிக் கரைக்கலாம். கரைத்தபின் கரண்டியால் துழாவ வேண்டாம், ஓரத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

கேள்விக்குறி:

ரோஸ்மில்க்குக்கு இதையே ஊற்றலாமா? பால் திரிந்துவிடாதா?

கற்கண்டு:

சூடான பாலில் திரியும், எலுமிச்சை இருப்பதால். பாலுக்கென்றால் எலுமிச்சை சேர்க்காமல் ஒரு சிறு பாட்டில் தனியாக எடுத்து வையுங்கள், நிறத்துக்கு பீட்ரூட் போதும். காய்ச்சி, ஆறவைத்துக் குளிர வைத்த பால் 200 மில்லிக்கு 25 மில்லி பாகு, ஊறிய சப்ஜா ஒரு கரண்டி. 30 மில்லி இரண்டு மடங்குப் பாகில் சுமார் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது, வீட்டில் சுகர்காரர்கள் இருந்தால் அளவுக் குவளை இல்லாமல் ஊற்றாதீர்கள்.