அப்டேட்: பொலிட்டிகல் சயின்ஸ விடல

தியரி மண்டையில ஏறல, டிபார்ட்மென்ட் மாறிடலாமான்னு போன செமஸ்டர் கேட்டிருந்தேன்ல, மாறல. படிச்சத வரைஞ்சு பாருன்னு ஒருத்தர் சொன்னீங்களே, அதான் காப்பாத்துச்சு, ரொம்ப நன்றிங்க.

1785ல கொண்டோர்சேங்கிற பிரெஞ்சு கணித அறிஞர் எழுதின வாக்கு முரண்பாட்ட நோட்டுல போட்டுப் பார்த்தேன். க, ச, ப-ன்னு மூணு வேட்பாளர், மூணு ஓட்டர். ஒருத்தருக்குப் பிடிச்ச வரிசை க, ச, ப, அடுத்தவருக்கு ச, ப, க, கடைசி ஆளுக்கு ப, க, ச. ரெண்டு ரெண்டா மோதவிட்டா க-கிட்ட ச தோக்குது, ச-கிட்ட ப தோக்குது, சரி க தான் ஜெயிச்சதுன்னு நினைச்சா ப-கிட்ட க தோத்துடுது!! பெரும்பான்மை முடிவுன்னு நாம சாதாரணமா சொல்றதுக்குள்ள இவ்ளோ சிக்கலான்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

இப்ப தேர்தல் முறைகள் பேப்பர்தான் எடுத்திருக்கேன், அடுத்து இதே மாதிரி சிக்கல ஆராய்ஞ்ச பொருளாதார அறிஞர் கென்னத் ஏரோவப் படிக்கணும்.