வசம்பு பூத்திருந்தால் சொல்லுங்கள்: மலையக உறவுகளிடம் ஓர் உதவி

வணக்கம். தாவரவியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்காக வசம்பின் நிறமூர்த்தங்களை (கலத்துக்குள் பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் இழைகளை)ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹட்டன், பொகவந்தலாவை, வெலிமடைப் பக்கம் பீலிக்கரை ஈரத்தில் வசம்பு வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கிழங்கு போதியளவு இருக்கிறது. எனக்கு வேண்டியது இளம் பூங்கதிர். இலை மாதிரித் தட்டையான தண்டின் பக்கவாட்டில், சுண்டுவிரல் போலப் பச்சையாக நீட்டிக்கொண்டிருக்கும். அது மஞ்சளாகப் பூத்துவிட்டால் பிந்திவிட்டது. நான் பார்க்க வேண்டிய ஒடுக்கற்பிரிவு, அதாவது மகரந்தம் உண்டாக நிறமூர்த்தங்கள் பாதியாகும் கலப்பிரிவு, அதற்கு முன்பே முடிந்துவிடும்.

வசம்பில் 24, 36, 48 நிறமூர்த்தங்கள் கொண்ட வகைகள் உண்டு. 36 உள்ளது மும்மடியம், அதாவது 12 கொண்ட தொகுதிகள் மூன்று. மூன்று தொகுதிகளும் ஒழுங்காகச் சோடி சேர முடியாது; சில மூன்றாக ஒட்டும், சில தனித்து நிற்கும். நிறமூர்த்தங்கள் பிரிந்து விலகும் மேன்முக அவத்தையில் மற்றவை இரு முனைக்கும் போய்ச்சேர, தனித்தவை கலத்தின் நடுவிலேயே பின்தங்கிக் கிடக்கும். பிறகு அவை குட்டிக் கருக்களாகும், மகரந்தம் சூம்பும், விதை பிடிக்காது. அதனால்தான் இந்த வகையைக் கிழங்கை நட்டே பெருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்து இது. பீற்றா அசரோன் என்ற நச்சுப்பொருள் 24 உள்ளதில் இல்லை, 48 உள்ளதில் மிக அதிகம். நம் தோட்டங்களில் இருப்பது எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும்.

ஆய்வுகூட அனுபவமுள்ளவர்களிடம் இன்னொன்று: அற்ககோல் மூன்று பங்கு, அசற்றிக்கமிலம் ஒரு பங்கில் பதப்படுத்தி, அசற்றோகாமைனில் சாயமிடுகிறேன். நிறமூர்த்தங்கள் மிகச் சிறியவை, கலவுருவும் (சுற்றியுள்ள கலக்கூழும்) சேர்ந்து சிவக்கிறது. எப்படித் தெளிவாக்கலாம்?

பூ கண்டால் படமும் ஊர்ப்பெயரும் உள்பெட்டியில் அனுப்புங்கள். பறிக்க வேண்டாம், நானே வருகிறேன்.