மறு: ‘மெய்நிகர் உரையாடல் துணையர்’ – நல்ல தமிழ்ச் சொல் உண்டா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று நாளாக இந்த மடல் இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வயதானவர்களோடு தினமும் பேசி, வேளாவேளைக்குச் சாப்பிட்டார்களா என்று விசாரித்து, நாலு பேரோடு பழகவும் தூண்டும் கணினிப் பாத்திரத்துக்குப் பெயர் தேடுகிறோம். இதுவரை வந்தவை மெய்நிகர் உரையாடல் துணையர், உரையாடு முகவர், அரட்டை இயலி, மின்தோழி. நான் முன்வைப்பது ‘பேச்சுத்துணை’. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வேலூரில் எனக்குத் தெரிந்த மாணவர்கள் சிலர் இப்படியொரு செயலியைச் செய்துவருகிறார்கள். ஆங்கிலத் திரைகளைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் வடிவத்தைக் கணியம்பாடியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு வயது 76. பெரியப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் பெங்களூரில். திரையில் ஒரு பெண்ணுருவம் வந்து, “வணக்கம். இன்று காலை உணவை உட்கொண்டீர்களா?” என்று கேட்டது. பெரியம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, “ஆஸ்பத்திரிலேர்ந்தா பேசறாங்க?” என்று தணிந்த குரலில் கேட்டார். உட்கொள்வது என்றால் அவருக்கு மாத்திரைதான். அந்த வரியை எழுதியவன் நான்.

அன்றிரவே மாற்றினேன். மறுநாள் அதே உருவம், “சாப்டீங்களாம்மா? இன்னிக்கு என்ன சமையல்?” என்றது. பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலச் சொன்னார்: “ஒண்டி ஆளுக்கு இன்னாத்த ஆக்கறது? ராத்திரி களி ஒரு உருண்டை இருந்தது. மோர ஊத்திக் கரைச்சிக் குடிச்சிட்டேன்.”

ஒண்டி ஆளுக்கு இன்னாத்த ஆக்கறது. வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் தனியாக இருக்கும் யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியம்தான் வரும். ஆங்கிலத்தில் ‘உணவுப் பழக்கம்’ என்றும் ‘சமூக நலம்’ என்றும் இரண்டு தலைப்பாகப் பிரித்து எழுதியிருப்பது அவர் வாயில் ஒரே வாக்கியமாக வந்துவிட்டது. அடுக்களைக் கூடையில் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் அரைக் கிலோ வாடிக் கிடந்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே காய். பெரியப்பா இருந்தவரை வாரத்தில் நாலு நாள் அந்த வீட்டில் அதுதான் குழம்பு. காய் இருக்கிறது, கையில் தெம்பும் இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட இன்னொரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வயதாகும்போது நாக்குக்கு ருசியும் மூக்குக்கு மணமும் மங்கும். தாகம் எடுப்பதும் சரியாகத் தெரியாது. தனியாகச் சாப்பிடுபவர்கள் நாலு பேரோடு சாப்பிடுபவர்களைவிடக் குறைவாகவே சாப்பிடுகிறார்கள். ருசி மங்கியதை ஈடுகட்ட ஊறுகாயும் கருவாடும் கூடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்று சொல்கிறது. அதை நம் தட்டில் தாண்ட ஊறுகாயும் அப்பளமும் போதும். இதையெல்லாம் பட்டியலாகப் படித்துக் காட்டினால் ‘பத்தியம் சொல்றாங்க’ என்று எழுந்து போய்விடுவார்கள். பேச்சுவாக்கில் வந்தால்தான் காதில் ஏறும். அதனால்தான் பெயரில் ‘பேச்சு’ இருக்க வேண்டும் என்கிறேன்.

இனி முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

‘முகவர்’ வேண்டாம். 2005-இல் திமதி பிக்மோர், ரோசலின்ட் பிக்கார்ட் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் நீண்ட நாள் உறவு பேணும் இவ்வகை நிரல்களை ‘ரிலேஷனல் ஏஜென்ட்’ என்ற பெயரில் விரிவாக எழுதினார்கள். அந்த ஏஜென்டை நாம் முகவர் ஆக்கினால், எந்தக் கிராமத்திலும் காப்பீட்டுக்குக் கையெழுத்து வாங்க வருபவர்தான் நினைவுக்கு வருவார். ‘அரட்டை’ என்பது வேலையில்லாத பேச்சு. பெரியவர்கள் மனம் விட்டுச் சொல்வதற்கு அந்தப் பெயரை வைப்பது மரியாதை இல்லை. ‘துணையர்’ என்பதை வேகமாகப் படித்தால் துணைவர் ஆகிவிடும். கணவரை இழந்தவரின் கைப்பேசியில் அப்படி ஒரு சொல் வரக் கூடாது.

‘மின்தோழி’ அழகான சொல். ஆனால் அது பெண்பால். அதோடு, நம் அகப்பாடல்களின் தோழி, தலைவி சொல்லாததையும் அறிந்தவள், அவளுக்காக வளர்ப்புத் தாயான செவிலியிடம் வழக்காடுபவள். இந்தச் செயலியோ சொன்னதைக் கேட்டு எழுத்தாக்கி, ஒரு பதிலைத் தேர்ந்து, அதைக் குரலாக்கித் தருகிறது. பெரியம்மா கேழ்வரகை ‘கேவுரு’ என்றதை அது ‘கயிறு’ என்று எழுதிக்கொண்டது. தோழி என்ற பெயரை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

‘மெய்நிகர்’ பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி மாட்டிப் பார்க்கும் ‘விர்ச்சுவல்’ காட்சிக்கு அது சரி. மனிதத் துணையைப் பற்றிய பெயரில் மெய்க்கு நிகர் என்று சேர்ப்பது நாம் கொடுக்கக் கூடாத வாக்குறுதி. 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய எலிசா, நாம் தட்டச்சிட்டதையே கொஞ்சம் திருப்பிக் கேள்வியாக்கிய எளிய நிரல். அவர் அதை எழுதுவதை மாதக்கணக்கில் பார்த்த செயலாளரே, அதோடு பேசத் தொடங்கியதும் அவரை அறையைவிட்டுப் போகச் சொன்னார் என்று வைசன்பாம் பிறகு எழுதியிருக்கிறார். மனிதர் மனம் அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பெயர் வைக்கும் நாமும் அதைத் தூண்டிவிட வேண்டாம்.

அகராதி புரட்டியவர்கள் ‘உசாத்துணை’யைப் பார்த்திருப்பீர்கள். உசாவுதல் என்றால் கலந்து பேசுதல். மனம் விட்டுப் பேச உற்ற துணை என்பது அதன் பழம்பொருள். பொருளில் இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையின் அடியில் சான்றுகள் வரும் தலைப்பாக அது நிலைத்துவிட்டது. அப்புறம், பெரியம்மாவுக்குப் புரியாது.

‘பேச்சுத்துணை’ அவருக்குப் புரியும். “பேச்சுத் துணைக்கு ஒருத்தர் இருந்தா ரெண்டு வாய் கூட இறங்கும்” என்று அவரே அடிக்கடி சொல்வார். நாம் செய்ய வேண்டியது இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதுவது மட்டும். துணை என்பதில் ஆண்பால் பெண்பால் இல்லை. கடிதத் தலைப்பில் ‘முருகன் துணை’ என்று எழுதிப் பழகிய தலைமுறை அவர்களுடையது. பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் கோயில் இருக்கிறதே, மார்க்கபந்தீஸ்வரரை நாங்கள் வழித்துணைநாதர் என்றுதான் சொல்வோம். மிளகு வணிகர் ஒருவருக்குக் காவலாக இறைவனே கூட நடந்து வந்தார் என்பது அந்தத் தலத்துக் கதை. வழித்துணை ஊர் வந்ததும் விடைபெறும், பேச்சுத்துணை பேச்சு முடிந்ததும் எழுந்து போகும். முன்னால் நிற்கும் சொல்லே துணையின் எல்லையையும் காட்டிவிடுகிறது. வாழ்க்கைத்துணையோடு இதை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

நேற்று ஒரு நண்பர் எழுதிய மறுப்பு என்னை நிறைய யோசிக்க வைத்தது. பேச்சுத்துணை என்பது மனிதரைக் குறிக்கும் சொல், அதை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் மனிதர் எங்கே போவார் என்று கேட்டிருந்தார். நியாயமான கவலை. ‘கம்ப்யூட்டர்’ என்பதே ஆங்கிலத்தில் கணக்குப் போடும் வேலையில் இருந்த மனிதரின் பெயராகத்தான் இருந்தது. இன்று அந்தச் சொல்லில் மனிதர் இல்லை. அதனால் தனியாக ‘பேச்சுத்துணை’ என்று இயந்திரத்தை அழைக்க வேண்டாம். கைப்பேசியில் இருந்தால் ‘பேச்சுத்துணைச் செயலி’, மேசைமேல் வைப்பதானால் ‘பேச்சுத்துணைக் கருவி’, முகம் காட்டிப் பேசினால் ‘உருவப் பேச்சுத்துணைச் செயலி’. பின்னொட்டு நீளமாக இருக்கிறது என்று வெட்டிவிடாதீர்கள். பேசுவது இயந்திரம் என்று பெரியவர்களுக்குச் சொல்வது அதுதான். வங்கித் தளத்தில் கணக்கு விவரம் மட்டும் சொல்லும் நிரலுக்கு ‘உரையாடி’ என்ற சொல் இருக்கட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. ‘சமூக நலம்’ என்று திரையில் போட்டதும் பெரியம்மா, “பென்ஷன் விஷயமா?” என்றார். நம் ஊரில் அது அரசுத் துறையின் பெயராக மனத்தில் பதிந்துவிட்டது. அந்த இடத்துக்கு ‘ஒட்டுறவு’ என்ற சொல்லைக் கேட்கிறேன். “யாரோடும் ஒட்டுறவு இல்லாம இருக்காரு” என்று சொல்லும்போது நாம் குறிப்பது இதைத்தான். ஆய்வுக் கட்டுரைக்கு ‘ஒட்டுறவு நலம்’ என்று வைத்துக்கொள்ளலாம். செயலியில் “இன்னிக்கு யாரையாவது பார்த்துப் பேசினீங்களா?” என்ற கேள்வியே போதும்.

அழைக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. செயலி ‘பாட்டி’ என்று அழைக்கட்டும் என்று மாணவர்கள் விரும்பினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டி என்று கூப்பிடும் உரிமை பேரப்பிள்ளைக்கும் தெருப்பிள்ளைக்கும் உண்டு. இயந்திரம் ‘அம்மா’, ‘ஐயா’ என்று நின்றுகொள்ளட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருத்திய திரைகளோடு மறுபடி கணியம்பாடி போகிறேன். அதற்குள் ‘ஒட்டுறவு நலம்’ பற்றி உங்கள் கருத்து வேண்டும். தஞ்சை, நெல்லை, யாழ்ப்பாணப் பக்கத்து நண்பர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு அவர்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். பெரியம்மா போன வாரம் செயலியிடம், “கத்திரிக்கா வாடிப்போச்சி, நீ சாப்ட வர்றதா இருந்தா ஆக்கறேன்” என்றார். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று மாணவர்களும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். “என்னால சாப்பிட முடியாதும்மா, பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடுங்களேன்” என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல வரி தோன்றினால் அனுப்புங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து